பத்தாம் நம்பர் காலும் ஐந்தாம் நம்பர் காலும்

கூடத்தின் நடுவில் ஒரு பார்சல் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் ஒட்டியிருக்கும் பட்டையின் நுனியில் ஒரு கயிறு. அந்தக் கயிறு சோபாவின் காலைச் சுற்றி, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்து, படுக்கையறைக்குள் போகிறது. அங்கே கட்டிலுக்குப் பின்னால், எண்பத்திரண்டு வயதில், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கிறார் மேஜர். அவர் பக்கத்தில் அவர் மனைவி மேஜரம்மா. அவரும் குப்புறத்தான்.

"தலையக் குனிஞ்சுக்கோ. இழுக்கப் போறேன்."

"இழுத்துத் தொலைங்க. அடுப்புல பால் இருக்கு."

டர்ரென்று பட்டை கிழிகிறது. வேறொன்றும் நடக்கவில்லை. மேஜர் கொஞ்ச நேரம் காத்திருக்கிறார். பிறகு எழுந்து, எட்டிப் பார்த்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து "சுத்தம்!" என்று கத்துகிறார். பார்சலுக்குள் இருந்தது மகள் அனுப்பிய கம்பளிக் காலுறை. இந்த அமளியில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

குடியிருப்பில் எல்லாரும் அவரை மேஜர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ராணுவத்தில் அவர் மேஜராக இருந்ததே இல்லை. சட்டைக் கையில் இரண்டு கோடு வாங்கியதோடு சரி. "அவர் மேஜர் ஆனது பதினெட்டு வயசுல, எல்லாரையும் மாதிரி" என்பார் மேஜரம்மா. ஆனால் தன்னை யாராவது மேஜரம்மா என்று கூப்பிட்டால் முகமெல்லாம் பல்லாகத் திரும்பிப் பார்ப்பார். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இளம் வயதில் மேஜர் கடல் கடந்து ஒரு நாட்டுக்குப் போனார். அங்கே சண்டை ஓய்ந்திருந்தது. மண்ணுக்குள் புதைத்த கண்ணிவெடிகள் மட்டும் ஓயாமல் கிடந்தன. குப்புறப் படுத்து, மெல்லிய கம்பி ஒன்றைச் சாய்வாக மண்ணுக்குள் விட்டு விட்டு எடுத்து, சாண் சாணாக முன்னே போவதுதான் அவர் வேலை. தேடி முடித்த வழியில் வெள்ளை நாடா போடுவார்கள். கடைசியில் முன்னால் போனவன் எழுந்து நின்று "சுத்தம்!" என்று கத்துவான். அதன் பிறகுதான் மற்றவர்கள் வரலாம், அதுவும் அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்து. வேலை முடிந்தது, மேஜர் ஊர் திரும்பினார், ஓய்வும் பெற்றார். அவருடைய கால்களுக்கு மட்டும் யாரும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

தெருவில் காலி டப்பா கிடந்தால் எட்டி உதைக்க மாட்டார், சுற்றிக்கொண்டு போவார். பிறந்தநாள் கேக்கை முதலில் ஒரு குச்சியால் சாய்வாகக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் வெட்ட விடுவார். மழையோ வெயிலோ, கையில் ஒரு குடை. அதன் நுனியால் முன்னால் தட்டிக்கொண்டேதான் நடை. கோட்டுப் பையில் எப்போதும் ஒரு வெள்ளை நாடாச் சுருள். குடியிருப்பில் யாருக்காவது தோட்டுத் திருகாணி விழுந்துவிட்டால் ஆள் அனுப்புவது இவருக்குத்தான். வந்ததும் "யாரும் அசையாதீங்க!" என்பார். அவ்வளவுதான், அந்த வீடே சிலையாகிவிடும். ஒரு முறை மேல்மாடி மருமகள் கையில் துவைத்த துணியோடு ஒற்றைக் காலில் நின்றாள். மாமியார் பாதித் தும்மலில் நின்றார். திருகாணி கிடைத்து, "சுத்தம்!" என்று இவர் கத்திய பிறகுதான் மீதித் தும்மல் வந்தது.

புல்லில் மட்டும் கால் வைக்கவே மாட்டார், தலைகீழாக நின்றாலும் மாட்டார். பூங்காவுக்குப் போனால் சிமெண்டுப் பாதையோடு சரி. குடும்பம் குடும்பமாகப் புல்லில் உருண்டு புரண்டுகொண்டிருக்க, இவர்கள் இருவரும் பாதையோரத்துப் பெஞ்சில் ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

இதெல்லாம் போகட்டும். அக்கம்பக்கத்தார் வாய்க்கு அவல் ஆனது வேறொன்று. எங்கே போனாலும் மேஜர் முன்னால்தான் நடப்பார். மேஜரம்மா பின்னால், அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து. "அந்தக் காலத்து ஆம்பள, பொண்டாட்டியப் பக்கத்துல நடக்க விடுவாரா?" என்று முணுமுணுப்பார்கள். மேஜரம்மா காதில் விழும். சிரித்துக்கொள்வார். சில நாள் சிரிப்பு வராது.

அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேஜரம்மா செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். எந்தக் கால் என்ன நம்பர் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். மேஜர் முதன்முதலில் அந்தக் கடைக்குள் வந்தபோது கேட்டதே விசித்திரமாக இருந்தது. "அடி மெல்லிசா வேணுங்க. கீழ என்ன இருக்குன்னு காலுக்குத் தெரியணும்." பத்தாம் நம்பர். போட்டு நடந்து பார்க்கச் சொன்னார் இவர். மேஜர் கண்ணாடி வரைக்கும் நடந்தார். திரும்பி வரும்போது, போகும்போது கால் வைத்த அதே இடங்களில் கால் வைத்து வந்தார். தூசி படிந்த தரையில் போன தடமும் வந்த தடமும் ஒன்றாக இருந்ததைப் பார்த்த ஐந்தாம் நம்பர் காலுக்காரிக்கு, ஏனோ தெரியவில்லை, இவரை விடக்கூடாது என்று தோன்றிவிட்டது. கல்யாணம் முடிந்து முதல் முதலாக வெளியே கிளம்பினபோது மேஜர் சொன்ன முதல் வார்த்தை, "என் கால் வச்ச எடத்துல வை." அன்றைக்கு ஆரம்பித்தது.

போன மாதம் முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். செயலாளர் எதற்கும் குதூகலிக்கிற ஆசாமி. அன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

"மேஜர் சார்! நீங்க போயிருந்தீங்களே, அந்த நாட்டுத் தூதர் அம்மாவே நேர்ல வந்து உங்களுக்குப் பதக்கம் போடறாங்க! பெரிய விழா!"

"மேடை எங்க?"

"விளையாட்டு மைதானத்துல, நட்ட நடுவுல!"

"தரை?"

"அருமையான புல்லு சார்! பட்டு மாதிரி!"

மேஜர் முகத்தில் ஈயாடவில்லை. போனை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். மேஜரம்மா அதை வாங்கி, "கண்டிப்பா வருவார் தம்பி, நான் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லி வைத்தார்.

"யாரக் கேட்டு ஒத்துக்கிட்ட?"

"உங்களக் கேட்டா நீங்க ஒத்துக்க மாட்டீங்க, அதான் கேக்கல." மேஜரம்மா எதிரில் வந்து நின்றார். "இங்க பாருங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க முதுகப் பாத்துட்டே நடக்கறேன். உங்க சட்டைல எந்த எடத்துல தையல் விட்டிருக்குன்னு கேளுங்க, கண்ண மூடிட்டுச் சொல்றேன். எனக்குப் பதக்கம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அன்னிக்கு ஒரே ஒரு தடவ உங்க பக்கத்துல நடந்து வரணும். அதனால குடி ஒண்ணும் முழுகிடாது."

மேஜர் தம் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல நடந்தா, உயிர் போனா ரெண்டு பேருக்கும் போகும். முன்னாடி நடந்தா எனக்கு மட்டும்தான் போகும்."

இது மேஜரம்மாவுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் மேஜர் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. மேஜரம்மாவுக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டும் சேர்ந்து வந்தால் அவர் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார். அன்றைக்குக் கழுவி வைத்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடி தேய்த்தார்.

விழா நாளும் வந்தது. முந்தின நாள் நல்ல மழை. மைதானம் பச்சைப் பசேலென்று ஈரமாகக் கிடந்தது. நடுவில் மேடை, மேடையைச் சுற்றிக் கூட்டம். வாசலிலிருந்து மேடை வரைக்கும் ஒரு சிவப்புக் கம்பளம். அதை விரித்த பெருமையில் செயலாளர் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். மேஜர் கோட்டும் பழைய பதக்கங்களுமாக வந்து, சிமெண்டு முடிந்து கம்பளம் ஆரம்பிக்கிற இடத்தில் ஆணியடித்த மாதிரி நின்றார். வாத்தியக் கோஷ்டி முழங்க ஆரம்பித்தது.

"வாங்க மேஜர் சார், வாங்க!"

"கம்பளத்த எடுங்க."

"சார்?"

"மூடி வச்ச தரையில எவன் கால் வைப்பான்? அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அடியில புல்லு இருக்கு சார்!"

"புல்லுக்கு அடியில?"

செயலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்பளத்தைச் சுருட்டினார்கள். வாத்தியக் கோஷ்டிக்குத் தெரிந்த பாட்டு மூன்று. மூன்றும் முடிந்து மறுபடி முதல் பாட்டுக்கு வந்தது.

"சார், எத்தன பேர் உக்காந்திருக்காங்க பாருங்க! எல்லாரும் இந்தப் புல்லு மேலதான நடந்து போனாங்க? யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"அவங்க அதிர்ஷ்டக்காரங்க."

இந்த நேரம் பார்த்து மைதானக் காவலாளி வந்து சேர்ந்தார். அந்தப் புல்லை நட்டு, தண்ணீர் விட்டு, வெட்டி வளர்ப்பவர் அவர். விஷயம் கேட்டதும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்னது, கண்ணிவெடியா? என் புல்லுலயா? பெத்த புள்ளையக் கூட நான் இப்படிப் பாத்ததில்லீங்க! இதுல ஒரு களை இருந்தாக் காட்டுங்க, மீசைய எடுத்துடறேன்!"

மேஜர் அவரைப் பார்த்து ரொம்பப் பணிவாகச் சொன்னார். "ஒண்ணும் இல்லேன்னு எனக்குத் தெரியும் தம்பி. காலுக்குச் சொல்லிப் பாக்கறேன், அது கேக்க மாட்டேங்குது. என்ன பண்ணச் சொல்றீங்க?"

மேஜரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் மனிதர் திரும்பி வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார். ஊரே பார்க்க, பதக்கம் வாங்காமலே. பக்கத்தில் நடக்கிற ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மேஜரம்மா அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு நாடாச் சுருளை எடுத்தார்.

"குத்துங்க. நான் நாடா விரிக்கிறேன்."

மேஜருக்கு உயிர் வந்தது. குடையை மடக்கிப் பிடித்து, குனிந்து, புல்லுக்குள் சாய்வாகக் குத்தினார். ஒன்றுமில்லை. ஒரு அடி. மறுபடி குத்து, மறுபடி அடி. பின்னால் மேஜரம்மா நாடாவை விரித்துக்கொண்டே, அவர் கால் தடத்தில் கால் வைத்து. அவருக்குப் பின்னால் செயலாளர், தம் தலையெழுத்தை நொந்துகொண்டு. ஒவ்வொரு குத்துக்கும் காவலாளி "ஐயோ!" என்றார். குத்து ஒன்று, ஐயோ ஒன்று. வாத்தியக் கோஷ்டியில் மத்தளக்காரர் அதற்கு ஏற்ற மாதிரி தாளம் போட ஆரம்பித்துவிட்டார். கூட்டம் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலிகளில் நெளிந்தது.

அப்போதுதான் தூதர் அம்மாவின் கார் வந்து நின்றது. தலை நரைத்த, உயரமான அம்மாள். குதிகால் உயர்ந்த செருப்பு. "ஏழு" என்று மேஜரம்மாவின் வாய் தன்னால் முணுமுணுத்தது. செயலாளர் அங்கிருந்தே இரண்டு கையையும் ஆட்டி, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மன்னிக்க வேண்டும், தாங்கள் அந்தப் பக்கமாகச் சுற்றி வந்துவிடலாம் என்று கெஞ்சினார்.

தூதர் அம்மா ஈரப் புல்லில் கிடந்த வெள்ளை நாடாவைப் பார்த்தார். குனிந்து நடக்கிற கிழவரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லித்தராமலே மேஜரின் முதல் தடத்தில் இடது காலை வைத்தார், இரண்டாவதில் வலது காலை வைத்தார். ஒரு இழை பிசகவில்லை. மேஜரம்மா திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தம்மைத் தவிர உலகத்தில் இன்னொருத்திக்கும் இந்த நடை தெரியும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தூதர் அம்மா புன்னகைத்து, சிறு வயதில் தாமும் தம் ஊர்க் குழந்தைகளும் பள்ளிக்கூடத்துக்கு இப்படித்தான் நடந்துபோனதாகச் சொன்னார். கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. மத்தளமும் நின்றிருந்தது.

மேடைப் படியைத் தொட்டதும் மேஜர் நிமிர்ந்து "சுத்தம்!" என்று கத்தினார் பாருங்கள், அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். காவலாளி கூடத் தட்டினார்.

பதக்கம் ஒரு பெட்டிக்குள் மூடியிருந்தது. மேஜர் கண்கள் ஒரு கயிறு கிடைக்குமா என்று மேடையெல்லாம் தேடின. தூதர் அம்மா அதைக் கவனித்துவிட்டார். பெட்டியைத் தம் பக்கம் திருப்பி, தாமே திறந்து, வெறும் பதக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டிவிட்டு அவர் கோட்டில் குத்தினார். பேசச் சொன்னார்கள். மேஜர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நான் பெரிசா ஒண்ணும் செய்யலீங்க. படுத்துக்கிட்டே வேலை பாத்தவன். என் பின்னாடி வந்தவங்க எல்லாரும் நல்லபடியா வீடு போய்ச் சேந்தாங்க. எங்க வீட்டம்மாவும் சேத்து." மேஜரம்மா மூக்கை உறிஞ்சினார்.

விழா முடிந்தது. தூதர் அம்மா விடைபெற்றார். கூட்டமும் கலைந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேஜர் மேடைப் படிக்கு வந்து கீழே பார்த்தார். நாடாவைக் காணோம்.

தூரத்தில் காவலாளி சுருட்டிய நாடாவைத் தூக்கிக் காட்டினார். "எந்தக் கழுதையோ என் புல்லுல குப்பை போட்டுட்டுப் போயிருக்கு சார், நான் எடுத்துட்டேன்!" என்று கத்திவிட்டு, அது யார் என்று நினைவு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். நாடா இல்லை. அத்தனை பேர் மிதித்துக் கலைந்ததில் தடமும் இல்லை. குனிந்து குனிந்து மேஜரின் இடுப்பு ஏற்கனவே விட்டுப்போயிருந்தது. இன்னொரு தடவை அவரால் குத்த முடியாது. மேடையிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீ போ. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"ஆமா, சாப்பாடு இங்கயே அனுப்பறேன். கயிறு கட்டி இழுத்துக்கோங்க."

மேஜர் சிரிக்கவில்லை. பயந்த முகம்.  மேஜரம்மா செருப்பைக் கழற்றினார். மேஜரின் கையிலிருந்த குடையைச் சட்டென்று பிடுங்கினார்.

"நான் முன்னாடி போறேன்."

"கூடாது!" மேஜர் துள்ளி எழுந்தார். "ஏய், நில்லு! அசையாத!"

வாழ்நாளில் முதல் முறையாக அந்த உத்தரவுக்கு ஒருவர் கீழ்ப்படியவில்லை. மேஜரம்மா படியிறங்கினார். யாரும் மிதிக்காத பக்கமாகத் திரும்பி, முழுசாக நிமிர்ந்து நிற்கிற புல்லில் கால் வைத்தார். ஈரம் சில்லென்று உள்ளங்காலில் ஏறியது. ஆகா! இத்தனை வருஷம் இதையா பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்! மேகமே இல்லாத வானத்துக்கு எதிராகக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். நேராகக் கூடப் போகவில்லை. வளைந்து போனார், ஒரு இடத்தில் சும்மாவேனும் ஒரு சுற்றுச் சுற்றினார். எழுபத்தாறு வயசு. காவலாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றார், அவர் கூட "ஐயோ" சொல்லவில்லை. நடு வழியில் மேஜரம்மா நின்றார், மேடையைப் பார்த்துத் திரும்பினார், மைதானமே எதிரொலிக்கக் கத்தினார்.

"சுத்தம்!"

அந்த வார்த்தைக்குப் பிறகு தயங்குவது என்பது மேஜருக்குப் பழக்கமே கிடையாது. முன்னால் போனவர் சொல்லிவிட்டால் பின்னால் இருப்பவர் வந்தே ஆக வேண்டும். அவர் படியிறங்கினார். ஈரப் புல் மடங்கிக் கிடந்த முதல் தடத்தைப் பார்த்தார். ஐந்தாம் நம்பர். அதற்குள் பத்தாம் நம்பர் காலை எப்படி நுழைப்பது? விரல்களை மட்டும் அதில் ஊன்றினார், குதிகால் காற்றில் நின்றது. அடுத்த தடம், அதிலும் விரல் மட்டும். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோட்டில் பதக்கங்கள் கிணுகிணுவென்று ஆட, மனைவி வளைந்த இடத்தில் வளைந்து, அவர் சுற்றிய இடத்தில் தாமும் ஒரு சுற்றுச் சுற்றி, நுனிக்காலிலேயே வந்தார். மேஜரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைசித் தடத்துக்கு வந்தபோது மேஜரின் கெண்டைக்கால் நடுங்கியது. அவர் குனிந்து, யாரும் குத்திப் பார்க்காத அந்தப் புல்லைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குதிகாலை இறக்கி அதன் மேல் வைத்தார். அடுத்த காலைத் தூக்கி, தடம் எதுவும் தேடாமல், மனைவியின் காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.